பாட்டியும் பட்டாவும்

தாராவியில் பழைய மின்கட்டண ரசீதுக்குத் தனி மவுசு. மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. நிரூபிக்க வேண்டியது காகிதம். அந்த மாதிரிக் காகிதங்கள் எல்லாம் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு, ஒரு பெயரோடு ஏதாவது ஒரு ஸர்வரில் போய் உட்காருகின்றன. மாட்டுங்காவில் கல்லூரிச் சேர்க்கையானாலும் செம்பூரில் பென்ஷன் விண்ணப்பமானாலும் இதே கதைதான். தகராறு அந்தப் பெயரில் ஆரம்பிக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்குத் தேதியும் வரிசை எண்ணும்தான் பெயர். ஒவ்வொரு போனும் தினமும் புதிதாக எண்ணத் தொடங்கும். ஆகவே, ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்கு வந்த முதல் படங்கள் ஒரே பெயரில் இருக்கலாம். இரண்டையும் வந்த பெயரிலேயே ஒரே ஃபோல்டரில் ஸர்வர் போட்டு வைத்தால், பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. முதலில் அனுப்பியவரின் விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டு ரசீது.

இணையப் படிவத்தில் ஃபைல் இணைக்கும் முறையை 1995 நவம்பரில் எழுதிக் கொடுத்தவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்துக்காரர்கள் இருவர். (ஜெராக்ஸ் கடைக்கும் இதற்கும் இப்படி ஒரு உறவு.) அந்த முறைப்படி ஃபைலோடு பெயரும் போகிறது. ஆனால் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் 'மேல் ஃபோல்டருக்குப் போ' என்று பொருள்படும். அதை நாலைந்து முறை எழுதினால், கவனமில்லாத ஸர்வரில் ஃபைல் படியேறிப் போய் வேறு முக்கியமான ஃபைலையே அழித்துவிடும். பெயரின் வால் 'பிஎச்பி' என்றிருந்தால், படம் என்று நம்பி வாங்கியது புரோகிராமாக ஓடவும் கூடும். வருகிற பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள் என்று 2015ல் வந்த திருத்திய விதியே சொல்கிறது.

அதனால் எஞ்ஜினியர்கள் பெயரைச் 'சுத்தம்' செய்கிறார்கள். தமிழுக்கு அடி விழுவது இங்கேதான். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போதும் என்றால் தமிழ்ப் பெயர் முழுவதும் வெறும் கோடாகிவிடும். கொஞ்சம் தாராளமாக 'எந்த மொழி எழுத்தானாலும் சரி' என்றால் இன்னும் வேடிக்கை. யூனிகோடு கணக்கில் புள்ளியும் காலும் கொம்பும் எழுத்துகள் அல்ல, குறிகள். அவற்றைக் கழித்தால் 'மின்கட்டணம்' என்பது 'மனகடடணம'. 'பாட்டி', 'பட்டா', 'பாட்டு' மூன்றுமே 'படட'! பாட்டியின் ஆதாரும் ஊர் நிலத்தின் பட்டாவும் ஒரே ஃபைல்.

குறிகளை அனுமதித்தாலும் தீராது. 'போட்டோ'வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். மேக் கம்ப்யூட்டர்களின் பழைய ஃபைல் முறை இரண்டாகத்தான் பிரித்து வைத்தது. திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ஃபைல் கிடைக்காது. நீளமும் இடிக்கும். 'மின்கட்டணம்' நமக்கு ஏழெழுத்து. கம்ப்யூட்டருக்கு 11 குறியீடு, 33 பைட். லினக்ஸில் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட்.

வழி மும்பை டப்பாவாலாக்களிடம் இருக்கிறது. டப்பா மூடியில் சாப்பிடுபவரின் பெயரைத் தேட வேண்டாம்; எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டிடம், எந்த மாடி என்ற குறியீடுதான் இருக்கும். ஸர்வரும் தானே ஒரு எண்ணை உருவாக்கி, அந்தப் பெயரில் ஃபைலை வைக்க வேண்டும், அதுவும் வெளியார் நேரடியாக எட்ட முடியாத ஃபோல்டரில். படமா, புரோகிராமா என்பதை வாலைப் பார்த்து அல்ல, உள்ளே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அனுப்பியவர் வைத்த தமிழ்ப் பெயர் ஒரு புள்ளி குறையாமல் டேட்டாபேஸில், விண்ணப்ப எண்ணோடு இருக்கட்டும். திருப்பித் தரும்போது அதே பெயரில் தரலாம். 2011லிருந்தே அதற்கு விதி உண்டு.

இதையெல்லாம் செய்யாத தளங்களிடம் மாட்டிக்கொள்பவர்கள், ஃபைல் பெயரில் தங்கள் விண்ணப்ப எண்ணைச் சேர்த்து அனுப்புவது நல்லது. அனுப்பிய பிறகு அதே பக்கத்தில் ஃபைலைத் திறந்து பார்க்க அரை நிமிஷம் போதும். வந்து நிற்பது சொந்த ரசீதா, பக்கத்து வீட்டு ரசீதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.