சத்திரசிகிச்சைக்கூடத்திலும் ஒரு 'சுப்ஹானல்லாஹ்' வேண்டும்

2022 டிசம்பரில் கொழும்பில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, செயலிழந்திருந்த ஒரு சிறுநீரகத்தை அகற்றச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பின்னர், அவனது இரண்டு சிறுநீரகங்களுமே அகற்றப்பட்டுவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2023 ஜூலையில் அவன் மரணமடைந்தான். "எந்த வைத்தியர் தவறு செய்தார்?" என்றே அன்று நாடு கேட்டது. அதற்கு விடை சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அடுத்த பிள்ளையைக் காக்க வேண்டுமென்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நமது சத்திரசிகிச்சைக்கூடங்களில் ஒரு தாதிக்குச் சந்தேகம் வந்தால், அதை அவரால் வாய்திறந்து சொல்ல முடிகிறதா?

2005இல் இங்கிலாந்தில் சைனஸ் நோய்க்கான சாதாரண சத்திரசிகிச்சைக்குச் சென்ற ஒரு தாய்க்கு, மயக்க மருந்து கொடுத்த பின்னர் சுவாசக் குழாயைப் பொருத்த முடியாமற்போனது. அனுபவமிக்க நிபுணர்கள் ஒரே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தனர். ஆபத்தைத் தாதியர் உணர்ந்திருந்தனர். ஒருவர் கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் கொடுக்கும் கருவிகளைக் கொண்டுவந்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலொன்றை ஒழுங்கு செய்தார். ஆயினும் பெரியவர்களிடம் அதை எப்படி வற்புறுத்திச் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் உயிரிழந்தார். அங்கே அறிவு இருந்தது, கருவி இருந்தது. பேச்சு மட்டும் இருக்கவில்லை.

இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 அம்சங்கள் கொண்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை அறிமுகம் செய்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி கூடத்தை விட்டுச் செல்லும் முன் என மூன்று தடவை குழு நின்று, நோயாளி யார், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், துணிகளும் ஊசிகளும் எண்ணப்பட்டனவா என்று வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். அம்மான், புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில் மரணவீதம் 1.5 இலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் பட்டியல் நடைமுறைக்கு வந்த பின்னரும், மரணங்கள் குறிப்பிடத்தக்களவு குறையவில்லை என 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. காகிதத்தில் சரி அடையாளமிட்டால் மட்டும் போதாது என்பதே இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம்.

இது முஸ்லிம்களுக்குப் புதிய விடயமல்ல. தொழுகையில் இமாம் தவறினால், பின்னால் நிற்கும் சாதாரண ஒருவர் 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லித் திருத்துகிறார். இமாம் அதை அவமானமாகக் கொள்வதில்லை. சொன்னவரை யாரும் கண்டிப்பதுமில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகூட முன்கூட்டியே கற்பிக்கப்பட்டிருக்கிறது. தலைமைக்குக் கட்டுப்படுவதும் தலைமையைத் திருத்துவதும் ஒரே ஸப்பில் நடக்கின்றன.

'சேர்' என்ற சொல்லுக்கு அப்பால் பேச்சு நகராத நமது வைத்தியசாலைகளில், அத்தகைய ஒரு வார்த்தையும் அதைச் சொல்பவருக்குப் பாதுகாப்பும் தேவை. வைத்தியர், தாதியர், சிற்றூழியர் ஆகியோரை ஒன்றாக இருத்திப் பயிற்சியளிக்க வேண்டும். தவறு நடந்தபின் ஒருவரை இடமாற்றுவதோடு சுகாதார அமைச்சு நின்றுவிடக் கூடாது.

மொழியும் இதில் ஓர் அங்கம். தமிழ் மட்டும் தெரிந்த தாய், தனக்கு விளங்காத மொழியில் உள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும்போது பாதுகாப்பின் முதல் கண்ணி அங்கேயே அறுந்துவிடுகிறது. ஏனெனில் "வலது பக்கமல்ல, இடது பக்கம்" என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் பெரும்பாலும் அவள்தான்.

நாமும் கேட்கப் பழக வேண்டும். எந்த உறுப்பு, எந்தப் பக்கம், உடலில் அடையாளமிட்டாயிற்றா என்று கேட்பது வைத்தியரைச் சந்தேகிப்பதாகாது. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காத வைத்தியரே நமது நம்பிக்கைக்கு உரியவர்.