நடுவது ஒரு நாள். காப்பது மூன்று கோடை

அலுவலக ஊழியர்கள் குடும்பத்தோடு கிராமத்துக்கு வந்து, ஊராருடன் சேர்ந்து குளக்கரையிலும் கோயில் திடலிலும் மரக்கன்று நடுவது வரவேற்க வேண்டிய செயல். 2019இல் காரைக்காலில் ‘நம் நீர்’ திட்டத்தில் அரசுத் துறைகள், நிறுவனங்கள், கோயில்கள், ஊர் மக்கள் கைகோத்துக் குளங்களைத் தூர்வாரியதைப் பார்த்தோம். அந்தக் கரைகளில் குறுங்காடு வளர வேண்டுமானால் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் தேதி. பல நடவு விழாக்கள் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நடக்கின்றன. அப்போது நம் கடைமடைக் குளங்களில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளே ஜூன் 12. நீங்களும் குறுவை வேலையில் இருப்பீர்கள். நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. எனவே ஜூனில் குழி எடுத்து ஆறப்போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள்.

அடுத்து மரம். தண்ணீர் தேங்கும் இடத்துக்கு நீர்மருது, நாவல், புங்கன். உப்புக்காற்று வீசும் கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு. மேட்டுத் திடலில் வீரை, பாலை, காயா போன்ற நம் கடற்கரைக் காட்டு மரங்கள். ஐயனார் கோயில் திடலில் நிற்கும் பழைய மரங்களைப் பாருங்கள். எந்த மரம் நம் மண்ணில் நிலைக்கும் என்பதற்கு அவையே சாட்சி. சீமைக்கருவேலம் இருந்தால் வேரோடு எடுத்த பிறகே நடவு.

மூன்றாவது, வயலுக்கு விழும் நிழல். சம்பா, தாளடிக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். மார்கழி நண்பகலில் 30 அடி மரத்தின் நிழல் சுமார் 20 அடி நீளும். குளத்தின் தென்கரையில் நட்டால் நிழல் தண்ணீரில் விழும். வடகரையில் உயர மரம் நட்டால் அடுத்த வயலின் நெல்லில் விழும். வடகரைக்கு நொச்சி போன்ற குறுஞ்செடிகள் போதும். இதை நடும் முன்பே பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட்டால் பின்னால் கிளை வெட்டும் சண்டை வராது.

கடைசியாக, பொறுப்பு. விழா முடிந்ததும் ஊழியர்கள் வீடு திரும்புவார்கள். ஆட்டை விரட்டுவதும் சித்திரையில் தண்ணீர் ஊற்றுவதும் விவசாயி தலையில் விழும். இது நியாயமல்ல. வேலிச் செலவையும் மோட்டார் தண்ணீருக்கான செலவையும் ஊழியர் குழு ஏற்க வேண்டும். தை முதல் ஆனி வரை வாரம் ஒரு குடும்பம் என்று முறைவைத்துத் தண்ணீர் ஊற்ற வரவேண்டும். ஊரில் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காவல் வைக்கலாம். மூன்று கோடை தாண்டினால் பெரும்பாலான கன்றுகள் தாமே நின்றுகொள்ளும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு அறிக்கையை முடித்துவிடாதீர்கள். அடுத்த புரட்டாசியில் அதே ஊழியர்களையும் ஊராரையும் கரைக்கு அழைத்து, உயிரோடு இருப்பவற்றை எண்ணுங்கள். பட்டுப்போன குழிகளை நிரப்பிய பிறகே புதிய இடத்துக்குச் செல்லுங்கள்.