ஊசி போட மட்டும்தானா நர்ஸ்? இருங்காட்டுக்கோட்டை மாணவியின் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

பி.எஸ்.சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் அண்மையில் நம்மைச் சந்தித்தார். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை ஒட்டிய கிராமத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பல ஆண்டுகள் அந்த இரைச்சலில் நின்றவர், இப்போது வீட்டில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது எப்போது கெடத் தொடங்கியது என்று அவருக்கும் தெரியாது, ஆலைக்கும் தெரியாது. ஒரு நாளும் ஒருவரும் அவர் காதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்த மாணவி வகுப்பில் எழுந்து, "தொழிலாளர் உடல்நலத்துக்கென்று தனியாக நர்சிங் படிக்க முடியுமா? படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. "கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் உட்கார்ந்து பாராசிட்டமால் கொடுக்க ஸ்பெஷல் படிப்பு வேறயா?" என்று ஒருத்தி கேட்டாளாம். ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், அப்புறம் ஃபாரின்! இதைத் தவிர வேறு கனவு காணக் கூடாது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?

அந்த மாணவிகளை நாம் குறை சொல்லவில்லை. தொழிற்சாலை நர்சை அந்த நிலையில் வைத்திருப்பவர்களை நோக்கித்தான் நம் கேள்வி!

18,720 படுக்கைகள்! நர்ஸ் எத்தனை பேர்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998ல் முதல் கார்கள் வெளிவந்தன. அன்று தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரியும் வயலும் இருந்த பூமியெல்லாம் ஆலைகளாகிவிட்டன. கார், டயர், கண்ணாடி, செல்போன், குளிர்சாதனப் பெட்டி என்று இங்கே தயாராகாத பொருள் குறைவு. ஆலைப் பெண்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால், ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரமே குடியிருக்கிறது. அவர்களின் இரத்தசோகையை, காசநோயை, தூக்கமின்மையை, மனச்சோர்வைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற நர்சுகள் எத்தனை பேர் வேண்டும் என்று எந்த மேடையிலாவது யாராவது பேசினார்களா?

2021 டிசம்பரை மறந்துவிட முடியுமா? ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகள் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று கூடத் தெரியாமல் மற்ற பெண்கள் தவித்தனர். வதந்தி பரவியது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் இரவெல்லாம் அமர்ந்தனர். ஆலையே சில வாரங்கள் மூடிக் கிடந்தது. தொழிலாளர்கள் நம்பும் ஒரு நர்ஸ், முதல் பத்துப் பேர் வாந்தி எடுத்தபோதே உணவை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு அங்கே இருந்திருந்தால், "உன் தோழி இந்த ஆஸ்பத்திரியில் நலமாக இருக்கிறாள்" என்று சொல்லும் பொறுப்போடு இருந்திருந்தால், நிலைமை அந்த அளவுக்குப் போயிருக்குமா?

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

தொழிற்சாலை நர்சுக்கு அப்படி என்ன தனி அறிவு வேண்டும் என்று கேட்பவர்கள் கவனிக்கட்டும். பெயிண்ட் பிரிவில் வேலை செய்யும் 26 வயது இளைஞர் மூச்சுத் திணறலோடு வருகிறார். சாதாரண கிளினிக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர் மறுபடியும் அதே பெயிண்ட் கூடத்துக்குள் போவார். தொழில்நலப் பயிற்சி பெற்ற நர்ஸ் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "ஞாயிற்றுக்கிழமை லீவில் மூச்சுத் திணறல் குறைகிறதா தம்பி?"

குறைகிறது என்று பதில் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில பெயிண்டுகளோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அந்த இளைஞரை அந்த இடத்திலிருந்து மாற்றாமல் மருந்து மட்டும் கொடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. இப்படித்தான் பிரஸ் பிரிவில் இருப்பவரின் காதும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் வரம்பு. வேலையில் சேரும்போது ஒருமுறை, பின்பு ஆண்டுதோறும் ஒருமுறை கேட்கும் திறனைச் சோதித்து ஒப்பிட்டால், காது முழுதும் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். நம் மாணவியின் தந்தைக்கு மறுக்கப்பட்டது இந்தச் சோதனைதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், மருத்துவரும் நர்சும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவில் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்தியிருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஆம்புலன்ஸ் அறைக்கு அதே 500தான் கணக்கு. ஆபத்தான தொழில் நடக்கும் பெரிய ஆலையின் மருத்துவர் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தால் போதாது, தொழில்நலத்தில் ஏ.எஃப்.ஐ.எச். என்னும் மூன்று மாதப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். நர்சுக்கு? அப்படி ஒரு தனிப் பயிற்சி கட்டாயம் இல்லை. மூன்று ஷிப்டிலும் அடிபட்டவரை முதலில் தொடுவது யார்? மருத்துவரா, நர்சா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். புதிய சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று பெருமையாக அறிவித்தார்கள். யாருக்கு? 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு! இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலை வாசல்களில் ஷிப்டு முடியும் நேரத்தில் போய் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகளில் 40ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? மீசை முளைத்ததும் வேலைக்கு வந்து, முப்பதுக்குள் காண்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு 40 வயதில் சோதனை என்றால், அது யாரைக் காப்பாற்ற?

யாருடைய நர்ஸ்?

ஆலை ஒன்றில் வேலை பார்த்து விலகிய நர்ஸ் ஒருவர் நம்மிடம் மனம் விட்டுப் பேசினார். அவரை வேலைக்கு வைத்தது ஆலை அல்ல, காண்ட்ராக்டர். விரல் நசுங்கி வந்தவருக்குக் கட்டுப் போட்டு, "ரெஜிஸ்டரில் சின்னக் காயம் என்று எழுதுங்கள் சிஸ்டர்" என்று மேலிருந்து சொல்வார்களாம். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் அல்லவா? அதைத் தவிர்க்கத்தான்!

அந்த ஒரு வரியின் மதிப்பு என்ன தெரியுமா? வேலையில் ஏற்பட்ட காயம் என்று நிரூபணமானால், குணமாகும் வரை இ.எஸ்.ஐ. மூலம் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்துப் பதிவேட்டில் சரியாக எழுதப்படாவிட்டால் தொழிலாளி அலைந்தே ஓய்ந்துவிடுவார். ஒரு குடும்பத்தின் சோறு அந்த நர்சின் பேனா முனையில் இருக்கிறது. அந்தப் பேனாவைக் காண்ட்ராக்டரின் சட்டைப் பையில் வைத்திருக்கலாமா?

கொரிய நாட்டைப் பாருங்கள். 50 பேர் வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்களில் உடல்நல மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பொறுப்பில் நர்சும் அமரலாம். இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடுகு ஆலை ஒன்று ஃபிலிப்பா ஃபிளவர்டே என்ற நர்சைத் தொழிலாளர்களுக்காகவே நியமித்தது 1878ல்! ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழிந்த பிறகு இங்கே அது நகைப்புக்குரிய கேள்வியா? கொரிய மூலதனத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கத் தெரிந்தவர்களுக்கு, கொரிய நாட்டின் நல்ல சட்டம் மட்டும் கண்ணில் படவில்லையா?

சம்பளம் என்ற சாட்டை

"ஸ்பெஷல் படித்தால் ஸ்பெஷல் சம்பளம் கிடைக்குமா?" என்பது மாணவியின் அடுத்த கவலை. நியாயமான கவலை! 2015ல் தேர்வு எழுதி வென்ற ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தமிழக அரசே மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் குளிரில் கிடந்தனர். தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் குறித்து ஆராய 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்கு இணையான ஊதியம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. நர்ஸ் வறுமையில் இருக்கிறார்.

சகோதரிக்கு நாம் சொல்வது

சிரித்தவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பட்டம் முடித்துப் பதிவு பெற்றதும் இரண்டு ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பாருங்கள். கை அங்கேதான் பழகும். பிறகு எம்.எஸ்.சி. நர்சிங்கின் ஐந்து பிரிவுகளில் சமுதாய நல நர்சிங்கை எடுங்கள். தொழிலாளர் நலத்துக்கு மிக நெருக்கமான வாசல் அதுதான். கேட்கும் திறன் சோதனையும், நுரையீரல் திறன் சோதனையும் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். வளைகுடா போவதானால் ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொட்டாதீர்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்சுகளை அனுப்புவதை 2015 முதல் மத்திய அரசு ஒழுங்குபடுத்தி, அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அதற்கென அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே பதிவு செய்யுங்கள்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது:

1. தொழிலாளர் நல நர்சிங்கில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை அரசு நர்சிங் கல்லூரிகளில் தொடங்க வேண்டும். முதல் வகுப்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்கட்டும்!

2. ஆலை நர்ஸ் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. நேரடி நியமனமும், அரசு நர்சுக்கு இணையான ஊதியமும் வேண்டும்.

3. இரைச்சல், இரசாயனம் உள்ள பிரிவுகளில் வயது வரம்பின்றி, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். அறிக்கை தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும்.

4. பதிவேட்டில் உண்மையை எழுதிய நர்சைப் பழிவாங்கினால் தண்டனை வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்! எத்தனை கார் ஏற்றுமதி, எத்தனை கோடி முதலீடு என்று கணக்குச் சொல்கிறவர்கள், எத்தனை காதுகள் செவிடாயின, எத்தனை விரல்கள் போயின என்ற கணக்கையும் சொல்லட்டும். அந்தக் கணக்கை எழுதத்தான் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகள் படிக்கக் கேட்கிறாள். அவளுக்கு ஒரு வகுப்பறையும், ஒரு வேலையும், அச்சமில்லாமல் எழுத ஒரு பேனாவும் கொடுக்க இந்த அரசுக்கு மனம் இருக்கிறதா?