நடைக்கு இனம் உண்டா?

தமிழில் 'நடை' என்ற சொல் வசதியான ஒரு சொல். காலால் நடப்பதும் நடை. எழுத்தில் வெளிப்படுவதும் நடை. ஒரு நடை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது இலக்கியம் படிப்போர்க்குப் பழகிப்போன கேள்வி. விடை கிடைக்காமலே நாம் அதனோடு வாழ்ந்து பழகிவிட்டோம். ஆனால் இதே கேள்விக்கு எண்களில் விடை சொல்லத் துணிந்த விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் டிரெஸாஜ்.

60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட மணற்களம். அதில் ஒரு குதிரையும் அதன்மேல் ஒரு மனிதரும். ஓட்டப்பந்தயம் இல்லை, தாண்டுதல் இல்லை. நடை, ட்ராட், கேன்டர் என்னும் மூன்று இயக்கங்களையும் அவற்றிலிருந்து பிறக்கும் நுட்பமான அசைவுகளையும் குதிரை வரிசையாகச் செய்துகாட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ட்ராட் ஓடுவது போல் காலெடுத்து வைப்பது பியாஃப். ஒவ்வோர் அடியிலும் காற்றில் ஒரு கணம் தங்குவது போல் உயர்ந்து முன்னேறுவது பஸாஜ். பெரிய போட்டிகளில் களத்தைச் சுற்றி ஏழு நடுவர்கள் அமர்ந்து, ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார்கள். தாளம், இளக்கம், கடிவாளத்தோடு கொள்ளும் மென்மையான தொடர்பு, உந்துவிசை, நேர்த்தடம், உடலைத் திரட்டிக்கொள்ளல் என்னும் ஆறு படிகளையே இந்தக் கலையின் இலக்கணமாகச் சொல்கிறார்கள்.

இந்த இலக்கணத்தில் குதிரையின் இனம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. எந்த இனக் குதிரையும் களத்துக்கு வரலாம். ஆனாலும் ஒலிம்பிக் களத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே சாயல்தான்: ஹனோவேரியன், ஓல்டன்பர்க், டச்சு வார்ம்பிளட் என்று பெயர்கள் வேறுபட்டாலும், எல்லாம் வடமேற்கு ஐரோப்பாவின் வார்ம்பிளட் குடும்பத்தவை. நீண்ட கால்கள், பெரிய அடி, தோளிலிருந்து விரியும் அசைவு. உழவுக்கும் வண்டிக்கும் படைக்கும் வளர்க்கப்பட்ட குதிரைகளைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து, இன்று விளையாட்டுக்கென்றே வடித்தெடுத்த இனங்கள் இவை. அவற்றின் சிறப்பை மறுப்பதற்கில்லை. அந்தச் சிறப்பே அளவுகோலாகவும் ஆகிவிட்டதா என்பதுதான் நம் கேள்வி.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கை நினைவுகூரலாம். அங்கே தனிநபர் டிரெஸாஜில் தங்கம் வென்றவர் சோவியத் வீரர் செர்கேய் ஃபிலாத்தொவ். அவர் ஏறி வந்த குதிரையின் பெயர் அப்சென்ட். வருகைப்பதிவேட்டோடு வாழும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பூட்டும். ரஷ்ய மொழியில் அது 'அப்சிந்த்' என்னும் மதுவைக் குறிக்கும் சொல். கஜகஸ்தானின் லுகோவ்ஸ்கோய் பண்ணையில் 1952இல் பிறந்த கருநிறக் குதிரை, அஹல்-டெக்கே இனம். துர்க்மேனியப் பாலைவனத்தின் குதிரை அது. மெலிந்து நீண்ட உடல், உயரத் தூக்கிய கழுத்து, மெல்லிய தோல், உலோகம் போல் மினுங்கும் மயிர். 1935இல் அஷ்காபாத்திலிருந்து மாஸ்கோ வரை 84 நாள் பயணம் செய்து, இடையே காரகும் பாலையையும் கடந்த குதிரைகளில் அப்சென்ட்டின் தந்தையும் ஒன்று. நீரற்ற வெளியில் தாக்குப்பிடிக்கவே அந்த உடல் உருவானது. ஐரோப்பியப் பயிற்சிக்கூடத்தின் மணலுக்காக அன்று. அந்த உடல்தான் எட்டு வயதில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தது. 1964இல் டோக்கியோவில் தனிநபர் வெண்கலமும் அணி வெண்கலமும் பெற்றது; 1968இல் மெக்ஸிகோவில் இவான் கலீத்தா ஏறிச்செல்ல, அணி வெள்ளியில் பங்கு பெற்றது.

இதிலிருந்து இரண்டு வகையாகப் பொருள்கொள்ளலாம். நடுவர்களுக்கு இனச்சாய்வு இல்லை, இருந்திருந்தால் அப்சென்ட் வென்றிருக்குமா என்பது ஒரு வகை. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் டிரெஸாஜ் பதக்க மேடைக்கு இன்னோர் அஹல்-டெக்கே வரவில்லையே, ஏன் என்பது மற்றொன்று. இரண்டுமே நேர்மையான கேள்விகள்தாம். ஒரு குதிரை வென்றதை வைத்து வாயில் திறந்தே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பல குதிரைகள் வரவில்லை என்பதை வைத்து வாயில் அடைக்கப்பட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

வாயில்கள் எப்படித் திறந்தன என்ற வரலாறு இங்கே உதவும். டிரெஸாஜ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1912இல். அடுத்த நாற்பது ஆண்டுகள் அது படை அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1948இல் லண்டனில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணி, பிறகு அந்தப் பதக்கத்தை இழந்தது. அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி அல்லர், அதற்குக் கீழ்நிலையில் இருப்பவர் என்பதே காரணம். அவர் குதிரையேறியதில் எந்தக் குறையும் இல்லை, தோள்பட்டையில்தான் குறை. 1952இல் ஹெல்சிங்கியில் விதி மாறியது. பெண்களும் படையில் இல்லாதவர்களும் வந்தார்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், அந்த முதல் வாய்ப்பிலேயே ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி. அதே 1956இல் வேறொன்றும் நடந்தது. ஜெர்மானிய நடுவரும் ஸ்வீடன் நடுவரும் அவரவர் நாட்டு வீரர்களையே முதல் மூன்று இடங்களிலும் வைத்தார்கள். இருவர்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

எழுதப்பட்ட தடையை அழித்துவிடலாம். வெளிப்படையான சாய்வைத் தண்டிக்கலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கண்ணின் பழக்கம். அதை எழுதியவரும் இல்லை, செய்தவரும் இல்லை. நல்ல ட்ராட் எப்படி இருக்கும் என்று ஒரு நடுவர் ஆயிரக்கணக்கான வார்ம்பிளட் குதிரைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்கிறார். அவர் மனத்தில் பதியும் 'நல்ல ட்ராட்', நாளடைவில் அந்தக் குதிரைகளின் ட்ராட்டாகவே ஆகிவிடுகிறது. வளர்ப்போர் அந்த மதிப்பெண்ணைக் குறிவைத்துக் குதிரையை உருவாக்குகிறார்கள். அந்தக் குதிரைகள் நடுவரின் கண்ணை மேலும் உறுதிப்படுத்துகின்றன. இங்கே எவரும் குற்றவாளி இல்லை. விடைத்தாள் திருத்துகிறவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். நூறு தாள்களில் ஒரே உரைநூலின் விடை வந்தபின், நூற்றொன்றாவது தாளில் வேறு வழியில் வரும் சரியான விடை, ஒரு கணம் தவறு போலத்தான் தோன்றும். அந்த ஒரு கணத்தில்தான் மதிப்பெண் விழுகிறது.

2010இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டியை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஸ்பானிய வீரர் ஹுவான் மானுவல் முன்யோஸ் தியாஸ், ஃபுவேகோ என்ற ஆண்டலூசியக் குதிரையில் இசையோடு கூடிய சுற்றில் களமிறங்கினார். முடிவை நெருங்கும்போது ஒரு கையால் மட்டும் கடிவாளம் பிடித்தார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மதிப்பெண் அறிவிக்கப்பட்டபோது அதே அரங்கம் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டியது. ஃபுவேகோவுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். தங்கம் வென்றது டோட்டிலாஸ் என்னும் டச்சு வார்ம்பிளட், 91.8 விழுக்காட்டோடு.

கூட்டத்தின் ஆரவாரத்தைத் தீர்ப்பாகக் கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. ஜனரஞ்சகம் ஒருபோதும் விமர்சனத்துக்கு மாற்றாகாது என்பதைச் சிற்றிதழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுவேகோ போன்ற ஐபீரிய இனங்களுக்குத் திரட்டிய அசைவுகள் இயல்பாக வரும். பியாஃபும் பஸாஜும் அவற்றின் உடலிலேயே இருப்பவை. ஆனால் நீட்டிய ட்ராட்டில் அடி போதிய அளவு விரியாது. நடுவர் அதற்குக் குறைத்து மதிப்பெண் இட்டால் அது அநீதியன்று. தேர்வு கேட்பது அதைத்தான். 2004இல் ஏதென்ஸில் ஸ்பெயின் அணி வெள்ளி வென்றபோது அணியின் நான்கு குதிரைகளில் மூன்று அந்த நாட்டு இனத்தவை. சலுகையால் வந்த வெள்ளி அன்று அது. அதே தாளை எழுதி, அதே திருத்துநரிடம் பெற்றது.

ஆகவே அரிய இனக் குதிரைகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. 'இந்த இனத்துக்கு இது போதும்' என்று சொல்லி இடும் மதிப்பெண், பார்ப்பதற்குக் கருணை, உள்ளே இழிவு. நாட்டார் கலைஞரிடம் 'உங்களுக்கு இதுவே பெரிது' என்று சொல்லும் மேடைத் தலைவரின் குரல் அது. மையம், விளிம்பு என்று பேசிப் பழகிய நம் உரையாடல்களில், விளிம்பை மெச்சுவது பல வேளைகளில் அதை விளிம்பிலேயே இருத்திவைக்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

வேறோர் எல்லையும் உண்டு. ஐஸ்லாந்துக் குதிரைக்கு 'டோல்ட்' என்ற நான்கு தட்டு நடை பிறவியிலேயே வரும். மேலே இருப்பவர் கையில் நீர் நிறைந்த குவளை இருந்தாலும் சிந்தாது என்னும்படி மென்மையானது. ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைகளில் பலவற்றுக்கு 'ரேவால்' என்ற நடை உண்டு. நெடும்பயணத்தில் உடல் நோகாதபடி மனிதரைச் சுமந்த நடை அது. டிரெஸாஜ் விதிகள் இவற்றைக் கேட்பதில்லை. ட்ராட் கேட்ட இடத்தில் இவை தலைகாட்டினால் பிழை. தொலைவழியில் வரமாக இருந்தது மணற்களத்தில் குற்றமாகிறது. இதையும் நாம் அநீதி என்று சொல்ல மாட்டோம். வெண்பாப் போட்டியில் நல்ல ஆசிரியப்பா தோற்கத்தான் செய்யும். ஒரு கலை தன் எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதில் குறை காண இடமில்லை. சொல்லாத எல்லையை வைத்து மதிப்பிடும்போதுதான் சிக்கல்.

2018இல் பிரிட்டனில் இந்தச் சொல்லாத எல்லை சற்று வேடிக்கையாக வெளிப்பட்டது. வாலஸ் என்ற கோவேறு கழுதையை அதன் உரிமையாளர் டிரெஸாஜ் போட்டிக்குப் பதிவு செய்ய முனைந்தார். அது குதிரையும் அன்று, மட்டக்குதிரையும் அன்று என்பதால் முதலில் மறுப்பு. பிறகு அந்நாட்டு அமைப்பு மனம் மாறி அனுமதித்தது. அதிகாரப்பூர்வமாகக் கலந்துகொண்ட முதல் போட்டியிலேயே வாலஸ் வென்றது. தொடக்க நிலைப் போட்டிதான். அதனால் உலகம் புரண்டுவிடவில்லை. ஆயினும் காதைப் பார்க்காமல் காலைப் பார்த்த நடுவர்கள் அங்கே இருந்தார்கள் என்பது தெரிகிறது. அது முடிகிற காரியம்தான்.

நம் நாட்டுப் பக்கமும் ஒரு பார்வை. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 2023இல் டிரெஸாஜ் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. நால்வரும் ஐரோப்பாவில் பயின்றவர்கள். குதிரைகளும் ஐரோப்பிய இனத்தவை. அவர்களைக் குறை சொல்வது சிறுமை. வெல்லப் போகிறவர் வெல்லக்கூடிய குதிரையைத்தான் தேர்வார். மார்வாரியோடு அந்த மேடைக்குப் போவதை ஒரு தேசக் கடமையாக எவர் தலையிலும் ஏற்ற முடியாது.

அப்படியானால் இதில் பணயமாக இருப்பது என்ன? ஒரு பதக்கம் இங்கே போனால் என்ன, அங்கே போனால் என்ன என்று கேட்கலாம். குதிரையின் பழைய தொழில்கள் எல்லாம் போய்விட்டன. டிராக்டர் வந்தது, லாரி வந்தது, டாங்கி வந்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் குதிரை பிழைத்திருப்பது மனிதரின் விளையாட்டாலும் விருப்பத்தாலும்தான். எந்த உடலுக்கு மதிப்பெண் விழுகிறதோ அந்த உடலுக்குச் சந்தை உண்டு. சந்தை உள்ள உடலே அடுத்த தலைமுறையில் பிறக்கும். நடுவர் இன்று இடும் 7க்கும் 8க்கும் இடையிலான வேறுபாடு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எந்தக் குதிரை இந்த மண்ணில் நடமாடும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. இலக்கியத்தில் மதிப்பிழந்த நூல் சுவடியாகவாவது எங்கேனும் கிடக்கும். யாரேனும் ஒருவர் தேடியெடுத்துப் பதிப்பிக்கலாம். மதிப்பிழந்த விலங்கினத்துக்குச் சுவடி கிடையாது. அஹல்-டெக்கே வளர்ப்புக் கலையை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது; லிப்பிஸானர் வளர்ப்பை 2022இல். மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, களத்தில் இருப்பது வேறு.

நாம் கேட்பது சலுகையன்று; வாசிப்பு. நடுவர்களாகப் போகிறவர்கள் பயிற்சிக் காலத்திலேயே பல இனங்களின் அசைவுகளைப் பார்த்துப் பழக வேண்டும். அஹல்-டெக்கேயின் உயர்ந்த கழுத்து எப்போது இயல்பு, எப்போது இறுக்கம் என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். ஐபீரியக் குதிரையின் முழங்கால் உயரம் எப்போது அழகு, எப்போது முதுகின் விறைப்பை மறைக்கும் திரை என்று தெரிய வேண்டும். வார்ம்பிளட்டின் முன்னங்கால் வீச்சு பின்னங்காலின் உழைப்பின்றி வெறும் பகட்டாகும் இடமும் அப்போதுதான் கண்ணில் படும். பல நடைகளை வாசித்தவரே ஒரு நடையின் குறையைச் சரியாகச் சொல்ல முடியும். இலக்கணம் மாற வேண்டியதில்லை. இலக்கணத்தைக் கையில் வைத்திருப்பவரின் நூலகம் சற்றுப் பெரிதானால் போதும்.

ரோமில் 1960இல் அமர்ந்திருந்த நடுவர்கள் அதுவரை எத்தனை அஹல்-டெக்கே குதிரைகளைப் பார்த்திருக்கப் போகிறார்கள்? ஆயினும் ஒரு கருநிறப் பாலைவனக் குதிரை முன்னால் வந்தபோது அவர்களால் அதன் நடையைப் படிக்க முடிந்தது. அன்று முடிந்தது இன்றும் முடிய வேண்டும்.