விடியற்காலை நான்கு மணியும் நமது வேலைப் பட்டியலும்

நைட் டூட்டியில் விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் வேலை குவிகிறது. வெறும் வயிற்று ரத்தம், ஆறு மணி ஆன்டிபயாடிக், இன்சுலின், இன்டேக்-அவுட்புட் கூட்டல், கேஸ் ஷீட், ரிப்போர்ட். உடல் வெப்பம் ஒரு நாளில் மிகத் தாழ்ந்திருப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். விழிப்பும் கணக்குப் போடும் திறனும் கூடவே இறங்கிவிடும். இந்த உடற்கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. வார்டு அட்டவணைக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் உண்டு, 100 யூனிட் வயலும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் முன்னதற்கு, ஆரஞ்சு மூடி பின்னதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்து இழுத்தால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. பகலில் கேட்டால் முதலாண்டு மாணவிகூடச் சரியாகச் சொல்லிவிடுவார். இரவெல்லாம் நின்றவர், காலை ஐந்தரைக்கு, ஒரு பக்கம் பெல் அடிக்க, இன்னொரு பக்கம் டிரிப் தீர, அந்த மூடியின் நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தவறினால் மெமோ. அத்தனை வேலையையும் அந்த நேரத்தில் அடுக்கியது யார் என்று எந்த மெமோவும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் நகர்த்த முடியாதுதான். மருந்து வேளையை மாற்ற முடியாது. ரத்த ட்யூபுகளுக்கு இரவு பத்து மணிக்கே பெயர் ஒட்டிவைக்கும் குறுக்குவழியும் ஆபத்து. பெயரை நோயாளியின் பக்கத்தில் நின்றுதான் எழுத வேண்டும். ஆனால் எமர்ஜென்சி டிராலி சரிபார்ப்பும் ஸ்டாக் கணக்கும் பத்து மணிக்குள் முடிகிற வேலைகள். நாலரைக்கு எழுப்பி உடம்பு துடைத்துவிடுவதை எந்த நோயாளியும் கேட்கவில்லை. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றையும் இன்னொருவர் தனியே கணக்கிட்டு ஒப்பிடும் வழக்கம், ஆள் குறைந்த வார்டில் முதலில் கைவிடப்படுவது. மூன்று முதல் ஆறு மணி வரையாவது, பக்கத்து வார்டிலிருந்து ஆள் அழைத்தேனும் அதை விடாமல் பிடிக்க வேண்டும்.

காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் ரோஸ்டர் உடலுக்கு எளிது. இரவில் சுறுசுறுப்பானவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக அவர்களுக்கே மாதக்கணக்கில் நைட் போடுவதை ஏற்க முடியாது. இரவு ஷிஃப்ட் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்திவிட்டது.

ஐந்து மணிக்கு ரத்தம் எடுப்பது, எட்டு மணி ரவுண்ட்ஸுக்கு ரிசல்ட் வேண்டும் என்பதற்காக. அவசரமில்லாத கேஸ்களுக்கும் அப்படியே வேண்டுமா என்பதை இன்சார்ஜ் சிஸ்டர்கள் யூனிட் தலைவரிடமும் லேபிடமும் நேரிலேயே கேட்டுவிடலாம்.