பொதி கட்டுதல்

மாவடிப்பள்ளியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் முன் இருக்கின்றது. “வெள்ள காலத்தில் எமது ஊரில் நிவாரணம் பகிர்வதற்கு உதவியாக, வீடு வீடாகப் பெயர் பதியும் நிரலொன்றைப் பைத்தன் மொழியில் எழுதியுள்ளேன். என் கணினியில் அது குறைவின்றி இயங்குகின்றது. மருதமுனையிலுள்ள மச்சானுக்குக் கோப்புகள் அனைத்தையும் அனுப்பினேன். அவரிடத்தில் அது தொடங்கவேயில்லை. நான் விட்ட பிழை யாது?” என்று அவர் வினவுகின்றார்.

தம்பி, பிழை உம்முடைய நிரலில் இல்லை. அதனைப் பொதி கட்டாது அனுப்பியதிலேதான் இருக்கின்றது.

உம்முடைய கணினியில் நீர் பல மாதங்களாக வேலை செய்து வருகின்றீர். அவ்வப்போது தேவைப்பட்ட நூலகங்களை இறக்கி நிறுவியிருப்பீர், நிறுவியதை மறந்துமிருப்பீர். கோப்பு இருக்கும் இடத்தை, உம்முடைய பெயரால் அமைந்த கோப்புறையின் முழு முகவரியாகவே நிரலினுள் எழுதியிருப்பீர். மச்சானின் கணினியில் அந்தக் கோப்புறையும் இல்லை, அந்த நூலகமும் இல்லை. பைத்தன் இருந்தாலும் அது வேறு பதிப்பாக இருக்கலாம். நமது வீட்டு அடுப்பில் வெந்த சோற்றின் செய்முறையை அயல் வீட்டுக்கு எழுதி அனுப்பும்போது, “உப்பு வழக்கமான இடத்தில் இருக்கும்” என்று எழுதினால் அவர்கள் எங்கே தேடுவார்கள்?

கல்முனைப் பகுதியில் வயற்காணி உள்ள குடும்பத்தார் விதைநெல் மூட்டையை அறிவார்கள். வீட்டுத் தேவைக்குக் கட்டி வைத்த நெல்லும் சாக்கில்தான் இருக்கின்றது. விதைநெல்லும் சாக்கில்தான் இருக்கின்றது. ஆயினும் சான்றுபெற்ற விதைநெல்லின் சாக்கில் ஓர் அடையாளச் சீட்டு தொங்கும். பிஜி 94-1 என்றோ ஏடி 362 என்றோ இன்ன இனம் என அது கூறும். முன்னெழுத்தைக் கண்டவுடனே ஒன்று பத்தலகொடையில் உருவானது, மற்றையது அம்பலாந்தோட்டையில் உருவானது என்று விவசாயி அறிந்துகொள்வார். விளைவித்தவரை ஒருநாளும் காணாத ஒருவர், அந்தச் சீட்டை நம்பித் தம் வயலில் அந்நெல்லை விதைக்கின்றார். மென்பொருட் பொதிக்கும் இத்தகைய சீட்டொன்று வேண்டும். பொதியின் பெயர், பதிப்பு இலக்கம், எந்தப் பைத்தன் பதிப்புக்கு உரியது, வேறு எந்தப் பொதிகளைச் சார்ந்து நிற்பது, எவர் எந்த நிபந்தனையுடன் இதனைப் பயன்படுத்தலாம் என்பன அதில் இடம்பெறும். பைத்தன் பொதிகளில் இவற்றையெல்லாம் ‘பைபுரொஜெக்ட்’ என்னும் ஒரு சிறு கோப்பில் எழுதுவது இன்றைய வழக்கு. அக்கோப்பைப் படித்து, வேண்டிய சார்புகளை எல்லாம் தானே தேடி நிறுவுவது ‘பிப்’ என்னும் கருவியின் பணி.

இந்த விடயத்தில் நம் நாட்டிலேயே பிறந்த பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. அது பிறந்த காரணம் நமது கரையோடு தொடர்புடையது. அதனை நமது மாணவர் பலர் அறியாதிருப்பது எமக்கு வருத்தமே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் எந்த வீட்டார் எந்த முகாமில் இருக்கின்றனர், எவர் உயிருடன் உள்ளனர், எவர் இல்லை என்று அறிய வழியின்றி மக்கள் அலைந்தனர். கல்முனை மருத்துவமனைக்கு அன்று கொண்டுவரப்பட்ட கைக்குழந்தையொன்று, 81ஆவதாகப் பதியப்பட்டமையால் ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்றே உலகெங்கும் அறியப்பட்டது. அக்குழந்தை எவருடையது என்பதை நீதிமன்றத்தின் ஆணைப்படி நடந்த மரபணுச் சோதனையே தீர்த்துவைத்தது. பெற்றோர் கையில் பிள்ளை சேர்ந்தபோது 2005 பெப்ரவரி ஆகிவிட்டது. காணாமற்போனோரையும் கண்டெடுக்கப்பட்டோரையும் ஒருங்கே காட்டும் பதிவேடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அந்த நாட்களிலேதான் கொழும்பில் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகக் கூடி, லங்கா மென்பொருள் மன்றத்தின் வழியாகச் ‘சஹன’ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினர். சஹன என்னும் சிங்களச் சொல்லுக்கு நிவாரணம், ஆறுதல் என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, நிவாரண நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளை முகாமை செய்யும் பகுதி எனத் தனித்தனிக் கூறுகளாக அது அமைந்தது. அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது.

இதுவரை நடந்தது ஒரு நாட்டின் கதை. நம் மாணவர் உற்று நோக்கவேண்டியது இதற்குப் பின் நடந்ததேயாகும்.

அவசரத்தில் எழுதிய அந்த முதல் நிரல் இலங்கைக்கென்றே எழுதப்பட்டது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு என்ற அடுக்கு இங்கு உண்டு, பாக்கிஸ்தானில் இல்லை. மும்மொழிப் பெயர்களின் சிக்கல் இங்கு உண்டு. பிலிப்பைன்ஸில் சிக்கல் வேறு. ஆகவே எந்த நாட்டினரும் நிறுவிக்கொள்ளத்தக்க பொதுவான வடிவில் அதனைத் திரும்ப எழுதினர். சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனம் இதற்குப் பொருளுதவி செய்தது. திரையில் தோன்றும் சொற்கள் நிரலிலிருந்து பிரித்து வைக்கப்பட்டன. மொழிபெயர்ப்பவர் நிரலைத் தொடவேண்டிய தேவை இல்லாதாயிற்று. 2005 அக்டோபர் 8ஆம் நாள் பாக்கிஸ்தானில் நிலம் நடுங்கியபோது சஹன அங்கே நிறுவப்பட்டது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டேயில் மலை சரிந்தபோதும், அதே ஆண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோதும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கென வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்கு இதற்கே அளித்தது. பிற்காலத்தில் ‘சஹன ஈடன்’ என்ற பெயரில் பைத்தன் மொழியிலேயே அது புதிதாக எழுதப்பட்டது.

நமது கரையில் ஏற்பட்ட துயரத்துக்கென எழுதியது ஹெய்ட்டியில் உதவிற்று என்றால், இடையில் நின்றது இந்தப் பொதி கட்டும் வேலையே. ஆயினும் நிரல் எழுதியவருக்குக் கிடைக்கும் பாராட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பொதி கட்டியவருக்குக் கிடைப்பதில்லை. துணி நெய்தவரைப் போற்றுவோர், அதனை மடித்துக் கட்டி அயலூர்ச் சந்தைக்கு அனுப்பியவரை நினைப்பதில்லை. மருதமுனையார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி, நம் மாணவரின் நிரலுக்கு வருவோம். பெயர்களை அகர வரிசைப்படி அடுக்க முடியவில்லை என்றும் கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு இருக்கின்றது. இதற்கு அவர் புதிதாக நிரல் எழுதவேண்டியதில்லை. யுனிகோட் அட்டவணையில் தமிழெழுத்துகள் நமது நெடுங்கணக்கு வரிசையில் அமையவில்லை. அங்கே ந-வை அடுத்து ன வருகின்றது. ர-வை அடுத்து ற வருகின்றது. எழுத்தெண்ணிக்கையும் அவ்வாறே பிழைபடும். ‘மாவடிப்பள்ளி’ என்பதில் நாம் 7 எழுத்துகளைக் காண்கின்றோம். கணினியோ துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணி 12 என்று கூறும். இதனைச் சீர்செய்யும் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பொதியொன்று உண்டு. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்தோரும் அதனை ஆக்கியுள்ளனர். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பதும், இரு சொற்களை நெடுங்கணக்கு முறையில் ஒப்பிடுவதும் அதனுள் ஆயத்தமாக இருக்கின்றன. ‘பிப்’ கருவிக்கு ஒரே வரியில் கட்டளையிட்டால் அது வந்து சேரும். எங்கிருந்து வருகின்றது எனில், 2003இல் தொடங்கிய பைத்தன் பொதிக் களஞ்சியத்திலிருந்து வருகின்றது. இன்று அங்கே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. பேர்ல் மொழியினர்க்கு இத்தகைய களஞ்சியம் 1995லேயே இருந்தது.

பிறர் பொதியைச் சார்ந்து நிற்பதில் ஆபத்தும் உண்டு. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் 11 வரிப் பொதியொன்றை அதன் ஆசிரியர் மனக்கசப்பினால் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் வேலை அன்று தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அதனை மீள வைத்த பின்னரே நிலைமை சீர்ப்பட்டது. இதனினும் அஞ்சத்தக்கது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள ‘எக்ஸ்-இசட்’ என்னும் சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 என்ற இரு பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவழி வைக்கப்பட்டிருந்தது. நெடுநாள் உதவியாளராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவரின் செயல் அது. அந்தக் கள்ளவழியைத் திறந்துவிடும் கோப்பு, எல்லோரும் பார்வையிடும் மூல நிரலில் இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது! கணினியொன்றுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்த அந்திரேஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியியலாளர், காரணம் தேடிச் சென்று இதனைக் கண்டுபிடித்தார். இல்லையேல் எத்தனை கணினிகள் களவுபோயிருக்குமோ! ஆதலால், சார்ந்து நிற்கும் பொதிகளின் பதிப்பு இலக்கத்தை உறுதியாகக் குறித்து வைப்பதும், சார்புகளின் தொகையைக் குறைத்துக்கொள்வதும் நன்று. அரைப் பக்கத்தில் நாமே எழுதத்தக்கதற்கு அயலவர் பொதியை நாடுவது எமக்கு உடன்பாடன்று.

வெள்ள காலத்துக்கென எழுதிய நிரலாதலால் இன்னொன்றும் கூறுதல் வேண்டும். 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் சாலையை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து இளம் உயிர்கள் பறிபோனதை நம்மில் எவரும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் மின்சாரமும் இணையமும் கிடைக்கும் என்று எவர் உறுதி கூறுவார்? “இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்க” என்னும் பொதி அந்நேரத்தில் பயன்படாது. சார்புகள் அனைத்தையும் முன்கூட்டியே இறக்கி, ஒரே கோப்புறையில் இட்டு, பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தை நாடாது அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவுமாறு ‘பிப்’ கருவிக்குக் கட்டளையிட வழி இருக்கின்றது. இதனை வெள்ளம் வருமுன், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியில், புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து செய்து பார்ப்பது மேலும் நன்று. நாம் மறந்துபோன சார்புகள் அங்கேதான் வெளிப்படும்.

அத்துடன், நிரலைப் பொதி கட்டும்போது அயலாரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் அடங்கிய உண்மைப் பதிவேடு தவறியும் உள்ளே சென்றுவிடக்கூடாது. களஞ்சியத்தில் ஏற்றிய பொதியை எவரும் இறக்கலாம். இறக்கியவர் கையிலிருந்து அதனை மீளப் பெற வழியில்லை. மாதிரிக்கெனக் கற்பனைப் பெயர்கள் பத்தை வைத்தல் போதும்.

பெயர் சூட்டுவதைப் பற்றியும் கேட்டிருக்கின்றார். பைத்தன் களஞ்சியம் பொதியின் பெயருக்கு உரோம எழுத்தையும் இலக்கங்களையும் சில குறிகளையும் மட்டுமே ஏற்கும். ஆனால் விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதத் தடை எதுவும் இல்லை. முதலில் சோதனைக்கென உள்ள தனிக் களஞ்சியத்தில் ஏற்றிப் பார்க்கலாம். மெய்யான களஞ்சியத்தில் ஒருமுறை ஏற்றிய கோப்பை அழித்தாலும், அதே பெயரும் அதே பதிப்பு இலக்கமும் கொண்டு மீண்டும் ஏற்ற இயலாது. எனவே முதல் வெளியீட்டுக்கு 1.0 என்று இலக்கமிடாது 0.1 என்று இடுக. பூச்சியத்தில் தொடங்கும் பதிப்பைக் கண்டவர்கள், அது இன்னும் மாறக்கூடியது என்று அறிந்தே எடுத்துக்கொள்வார்கள்.