நாற்றின் தாகம் தீர்ப்பார் யார்?

சங்கரன்கோவில் பூச்சந்தையிலே மல்லிகை விலை ஏறிற்று என்று செய்தி வரும்போதெல்லாம், "பூ விவசாயிக்கு நல்ல யோகம்!" என்று பேசிக்கொள்வோர் உண்டு. யாருக்கு யோகம்? விலை ஏறுவது முகூர்த்த நாளிலே, ஓணத்திலே. அதோடு, தோட்டத்திலே பூ இல்லாத நாளிலே! கையிலே பூ இல்லாதவனுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் நிற்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட்டு, இப்பக்கம் பெரும்பாலும் காற்றைத்தான் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே குளமும் கிணறும். அம்மழை பொய்த்தால் கோடை முழுவதும் அல்லல்தான்.

வளர்ந்த செடி வேரை ஆழ விட்டுச் சில நாள் தாக்குப்பிடிக்கும். நாற்றுப்பையிலே நிற்கும் கன்று என்ன செய்யும்? இரண்டு கைப்பிடி மண்தான் அதற்கு உலகம். கோடையிலே ஒரு நாள் நீர் தவறினால் வாடும். தொடர்ந்து தவறினால் மடியும். குழாயால் பீய்ச்சினாலோ, பைக்குள் போவதைவிட வெளியே ஓடுவது அதிகம். பசுமைக்குடில் போட்டவருக்கு இன்னொரு தொல்லை. கூரை மழையைத் தடுக்கிறது. கிணற்று நீரின் உப்பைக் கழுவ ஆளில்லை. அது மண்ணிலே தங்கி இலை நுனியைக் கருக்குகிறது.

"பம்புசெட்டுக்குத்தான் கட்டணமில்லா மின்சாரம் இருக்கிறதே!" என்பார்கள். ஆம், 1990-இல் தமிழக உழவர் அனைவருக்கும் கிடைத்த உரிமை அது. அதை விட்டுக்கொடுக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் ஊற்றைச் சுரக்க வைக்குமா? வசதி படைத்தவர் ஆழ்துளை போடுகிறார். அடுத்தவர் அதைவிட ஆழம் போகிறார். கடனுக்கும் வழியில்லாத ஏழை உழவனின் திறந்த கிணறு காய்ந்து கிடக்கிறது.

வழி இல்லையா? இருக்கிறது. இஸ்ரேலின் பாலைவனத்திலே, ஹட்செரிம் கூட்டுப்பண்ணையார் 1965-இல் சொட்டுநீர்க் கருவிகள் செய்யும் தொழிலைத் தொடங்கினர். வேருக்கு மட்டும் நீர், வீண் இல்லை. அந்த முறைக்கு இன்று தமிழ்நாட்டிலே சிறு, குறு உழவருக்கு நூற்றுக்கு நூறு மானியம். மற்றவர்க்கு 75 விழுக்காடு. நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் மனுவோடு பட்டாவும் சிட்டாவும் கேட்கும்போது வாய்ப்பேச்சிலே குத்தகை எடுத்தவன் எங்கே போவான்? செடி நட்டவன் கையிலே பட்டா இல்லை. பட்டா உள்ளவரோ பல சமயம் ஊரிலேயே இல்லை!

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஆயிரம் சதுர மீட்டர் பசுமைக்குடிலின் கூரையிலே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்தாயிரம் லிட்டர்! உப்பில்லாத நீர். அதைத் தொட்டியிலே பிடித்துக் கிணற்று நீரோடு கலந்தால் தாகமும் தீரும், உப்பின் கடுமையும் குறையும். அதை ஓடையிலே விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்கு அலைவது அறிவுடைமையா?

தறிச் சத்தம் கேட்கும் ஊர் இது. "பூச்செடி வாடினால் எனக்கென்ன?" என்று தறித் தொழிலாளி இருந்துவிட முடியாது. செடி வாடினால் விடியுமுன் மொட்டுப் பறிக்கும் பெண்ணுக்குக் கூலி இல்லை. சரம் தொடுப்பவருக்கு வேலை இல்லை. சந்தையிலே மூட்டை தூக்குபவருக்குச் சுமை இல்லை. அவர்களெல்லாம் வேறு யார்? அதே தெருவிலே, அதே தொழிலாளி வீட்டிலே இருப்பவர்கள்தானே!

ஆகவே நாம் கேட்கிறோம்: ஐப்பசி பிறக்குமுன் வரத்துக்கால்வாய்களிலே மண்டியுள்ள சீமைக்கருவேல் அகற்றப்படட்டும். குளம் நிறைந்தால்தான் கிணறு ஊறும். உண்மையாகப் பயிரிடுபவர் யார் என்பதை ஊரறிய விசாரித்துக் குத்தகை உழவருக்கும் மானியம் கிடைக்கட்டும். நாற்றுப்பண்ணைகளின் மழைநீர்த் தொட்டிக்கும் உதவி வரட்டும்.

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னோம். தோழர்களுக்கும் வேலை உண்டு. கிளைதோறும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். எழுதத் தெரியாத உழவரோடு உட்கார்ந்து மனு எழுதுங்கள். அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். முழக்கம் வானைப் பிளக்கலாம். ஆனால் வாடும் கன்றுக்கு வேண்டியது, வேரிலே விழும் ஒரு சொட்டு நீர்!